ஆறாவது குழியில் ஏழு அடி

சனிக்கிழமை காலையில் புயலுக்குப் பயந்து போர்ட் டோரனில் படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். பள்ளத்தாக்குச் சாலைக்குக் குறுக்கே தடுப்பு வைத்தார்கள். மளிகைக்கடைக்காரர் கூடப் பாதிக் கதவைத்தான் திறந்தார். கோல்ஃப் ஆட்டத்தை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தலாமா என்று கேட்கக்கூட ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை, கடலில் போனவர்கள் பெயரில் நடக்கும் ஆட்டம் அது. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே புயலில் மூன்று படகுகளையும் பதினேழு ஆட்களையும் பறிகொடுத்த ஊர். "அவங்க இந்தக் காத்துல கடலுக்கே போனாங்க. நமக்குக் கரையில நடக்க வலிக்குதா?" என்று அந்தக் காலத்துக் கிளப் தலைவர் ஒருவர் கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து பனி கொட்டினாலும் ஆலங்கட்டி கொட்டினாலும் ஒன்பது குழி ஆடியே தீர வேண்டும். குடை பிடிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொப்பியில் சீட்டுப் போட்டு எடுத்த மும்மூன்று பேரை மாற்றவும் கூடாது.

அந்தத் தொப்பிதான் இஷ்பலை மாட்டிவிட்டது. அவள் பெயர், அப்பா மர்டோவின் பெயர், தம்பி கிரெகரின் பெயர். மூன்றும் ஒன்றாக வந்து விழுந்தன.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் நடந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. புதரில் கிடந்த பந்தை அடிக்க கிரெகர் புல்லை விலக்கியபோது பந்து அரை உருட்டு உருண்டது. ஓர் அடி கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. பார்த்தவர் ஒரே ஒருவர்தான், பெற்ற தகப்பன். மர்டோ நேரே கிளப்புக்குள் போய், சூப்புக் குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "என் மகன் ஒரு அடியைத் திருடிட்டான்" என்றார். கிளப் பட்டியலிலிருந்து கிரெகர் பெயரை அடித்தார்கள். அவன் அன்றே எண்ணெய்க் கிணறு வேலைக்குக் கடலுக்குப் போனவன்தான். நடுவில் அம்மாவின் அடக்கத்துக்கு வந்தான். கல்லறை வாசலில் நின்றுவிட்டு அப்படியே திரும்பிவிட்டான்.

போன புதன்கிழமை ஒற்றைப் பையோடு அவன் வந்து இறங்கினான். அடித்த பெயரை கிளப் இரண்டு வருஷத்துக்கு முன்பே திரும்பச் சேர்த்துவிட்டது. மர்டோதான் இன்னும் சேர்க்கவில்லை. அப்பாவும் மகனும் ஒரே மேஜையில் ஒரே வெண்ணெய்க் கிண்ணத்தில் கத்தியை விடுகிறார்கள். ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

வியாழக்கிழமை நடந்தது வேறு. அதை இஷ்பல் யாரிடமும் சொல்லவில்லை. மர்டோதான் பள்ளிப் பிள்ளைகளின் சின்ன பஸ்ஸை ஓட்டுகிறார். ஒன்பது பிள்ளைகள். அதில் இஷ்பலின் ஏழு வயது மகள் ஐலியும் உண்டு. அன்று காலை அவர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மூடிப்போன பழைய பள்ளிக்கூடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, "இறங்குங்க, மணி அடிச்சாச்சு" என்றாராம்.

"தாத்தா எங்களைப் பேய் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனார்மா! செம தமாஷ்!" என்றாள் ஐலி.

இஷ்பலும் சிரித்துவைத்தாள். அதற்கு மேல் ஐலியிடம் எதுவும் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

*

முதல் குழியில் நின்றபோது பனியும் மழையும் கலந்து பக்கவாட்டில் வந்து கன்னத்தில் அறைந்தன. இருபத்துநாலு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். வந்தவர்கள் ஒன்பது பேர்.

"அட்டையை மாத்திக்குங்க," என்றார் மர்டோ. "பேனா வேண்டாம், ஊறிப்போகும். பென்சில்ல எழுதுங்க."

ஒருவர் அடித்த அடியை இன்னொருவர் எழுத வேண்டும். சீட்டில் வந்த வரிசைப்படி அப்பாவின் அட்டை கிரெகரிடம் வந்தது. கிரெகரின் அட்டை இஷ்பலிடம், இஷ்பலுடையது அப்பாவிடம்.

கிரெகர் அதை பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டே அக்காவைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

"பாத்து எழுதச் சொல்லு அவனை," என்றார் மர்டோ, மகளிடம்.

"பாத்துத்தான் எழுதுவேன்னு சொல்லு அவர்ட்ட," என்றான் கிரெகர், அக்காவிடம்.

"நான் என்ன தபால்காரியா? உங்க ரெண்டு பேருக்கும் வாய் இல்லையா?" என்றாள் இஷ்பல். காற்று அதையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

மர்டோ ஆடியதை என்னவென்று சொல்வது! அறுபத்தெட்டு வயது. மற்றவர்கள் பந்தை வானத்தில் அடித்துக் காற்றுக்குத் தாரை வார்த்துக்கொண்டிருக்க, அவர் முழங்கால் உயரத்துக்கு மேல் பந்தை எழுப்பவே இல்லை. எந்த மேட்டில் பட்டால் எந்தப் பக்கம் ஓடும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. நாலாவது குழி முடிந்தபோது அவர் பிள்ளைகள் இருவரையும் விட ஏழு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தார். இஷ்பலுக்கு வியாழக்கிழமை பயந்தது அசட்டுத்தனமாகப்பட்டது. இப்படி ஆடுகிற மனிதருக்கு என்ன கோளாறு இருந்துவிடப் போகிறது?

ஆறாவது குழிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மணல்பள்ளம் இருக்கிறது. ஊரில் அதைச் சவப்பெட்டி என்பார்கள். மர்டோவின் முதல் அடியைக் காற்று தூக்கிக்கொண்டு போய் நேரே அதற்குள் போட்டது.

அவர் உள்ளே இறங்கினார். சரியாக அந்த நேரம் பார்த்து ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்தது. மேலே நின்ற இருவருக்கும் அவருடைய கம்பளித் தொப்பியும் ஏறி இறங்கும் மட்டையும்தான் தெரிந்தன. ஓர் அடி, பந்து சுவரில் மோதித் திரும்பியது. இன்னோர் அடி, விளிம்பு வரை வந்து உருண்டு காலடிக்கே போயிற்று. மூன்றாவதில் வெளியே வந்து விழுந்தது. மர்டோ மூன்று முறை சறுக்கி, நாலாவது முறை கையை ஊன்றி மேலே ஏறினார். உதவிக்கு நீட்டிய மகளின் கையைத் தட்டிவிட்டார். பிறகு குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் ஒன்று, குழியருகே ஒன்று, கடைசியில் உள்ளே ஒன்று.

பந்தை எடுத்துத் துடைத்துக்கொண்டு, காற்றைப் பார்த்துச் சொன்னார்:

"அஞ்சு."

கிரெகரின் பென்சில் நின்றது. அவன் நிமிர்ந்து இஷ்பலைப் பார்த்தான். அவள் குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

ஏழு. அவளும் எண்ணியிருந்தாள். மர்டோ வீட்டுப் பிள்ளைகள் எண்ணாமல் இருக்க மாட்டார்கள். அப்படி வளர்த்திருந்தார்.

கிரெகர் எதையோ எழுதி அட்டையை உள்பைக்குள் வைத்துக்கொண்டான்.

*

எட்டாவது குழிக்கு அவர்கள் வந்தபோது கிரெகர் பின்னால் புதரில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். மர்டோ தன் பந்தை வைத்தார். காலை அகட்டினார். மட்டையைத் தூக்கினார்.

அவர் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

ஒரு காலத்தில் எட்டாவது குழி அந்தப் பக்கம்தான் இருந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் கடல் அதைக் கரையோடு தின்றுவிட்டது. இப்போது அங்கே பாறையும் நுரையும் தவிர ஒன்றுமில்லை. புதுக் குழியை உள்பக்கம் தோண்டியவர்களில் மர்டோவும் ஒருவர்.

"அப்பா." இஷ்பல் ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்தாள். "கொடி இந்தப் பக்கம்ப்பா."

அவர் அவளைப் பார்த்தார். வழி கேட்க வந்த வேற்றூர்க்காரியைப் பார்ப்பதுபோலச் சில விநாடி பார்த்தார். பிறகு எதுவோ திரும்பி வந்தது.

"தெரியும்டி. காத்து எப்படி அடிக்குதுன்னு பாத்தேன்."

"காத்தைப் பாக்கவா பந்தை வச்சீங்க?"

"உனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது யாரு? நானா, நீயா?" குரலில் பழைய அதட்டல் இருந்தது.

அவர் திரும்பி நின்று அடித்தார். அருமையான அடி. இஷ்பலுக்கு அழுகையாக வந்தது.

கடைசிக் குழிக்கு நடக்கும்போது கிரெகர் அவளோடு சேர்ந்துகொண்டான். காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும்.

"ஆறுல எத்தனை எண்ணினே?"

"இந்தக் காத்துல எங்கடா எண்றது."

"பொய் சொல்லாதே, அக்கா. உனக்கு அது வராது."

அவள் நாலடி நடந்தாள். "ஏழு."

"நானும் ஏழுதான் எழுதியிருக்கேன். உள்ள போனதும் கணக்குப் பாக்கற டேவினா ஒவ்வொரு குழியா வாசிப்பா. அப்ப சொல்லட்டும் அஞ்சுன்னு. எல்லார் முன்னாலயும்."

"கிரெகர், அவர் ஏமாத்தலடா. அவருக்கு மறந்துபோகுது. இப்பக்கூடக் கடலைப் பாத்து நின்னார். வியாழக்கிழமை பிள்ளைங்களைப் பழைய பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் இறக்கப் பாத்திருக்கார்."

அவன் சிரித்தான். "நல்லா இருக்கே. அன்னிக்கு எனக்கு மறந்துபோச்சுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாரா?"

"இங்கயே கேளேன். மூணு பேருக்குள்ள முடிச்சுக்கலாம்."

"எனக்கு மூணு பேருக்குள்ளயா முடிச்சாங்க?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை.

*

கிளப்புக்குள் ஈரக் கம்பளியும் புகைபோட்ட மீன் சூப்பும் சேர்ந்து மணத்தன. செயலாளர் டேவினா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷமாக அந்த மேஜை, அந்தக் கண்ணாடி.

மர்டோ இஷ்பலின் அட்டையை அவளிடம் நீட்டினார். "சரியா இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போடு."

அவள் பார்த்தாள். முதல் நாலு குழிகள் சரியாக இருந்தன. அதற்கப்புறம் எல்லாக் கட்டத்திலும் நாலு, நாலு, நாலு, நாலு, நாலு. அன்று அவள் அந்த ஐந்து குழியில் ஒன்றைக்கூட ஆறுக்குக் குறைந்து முடிக்கவில்லை.

அட்டையை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள். "டேவினா, நான் விலகிக்கறேன். எனக்கு விரல் மரத்துப்போச்சு."

"ஒன்பது குழியும் முடிச்சிட்டா விரல் மரத்துச்சு?" என்றாள் டேவினா. மேலே கேட்கவில்லை. "மர்டோ, உங்களது. வாசிக்கிறேன். ஒண்ணு, நாலு. ரெண்டு, அஞ்சு..."

சூப்புக் கரண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆறு. ஏழு அடி."

"அஞ்சு," என்றார் மர்டோ.

டேவினா நிமிர்ந்தாள். "இங்க ஏழுன்னு இருக்கு."

"எழுதினவன் தப்பா எழுதியிருக்கான்."

கிரெகர் இதற்காகத்தான் எட்டு வருஷம் காத்திருந்தான். நிதானமாக எழுந்து வந்தான். "முதல் அடி சவப்பெட்டிக்குள்ள. ரெண்டாவது சுவர்ல. மூணாவது விளிம்புக்கு வந்து திரும்ப உள்ள. நாலாவதுலதான் வெளிய வந்துது. அஞ்சு, கொடிக்குப் பக்கத்துல. ஆறு, குழி ஓரம். ஏழு, உள்ள. அக்காவும் எண்ணினா. கேட்டுக்குங்க."

கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது.

இஷ்பல் தம்பியைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவர் அந்த ஏழு அடிகளையும் உள்ளே தேடிக்கொண்டிருந்தார். சுவரில் பட்டது, விளிம்பிலிருந்து உருண்டது, ஒவ்வொன்றாகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. சுத்தமான பயம். அம்மாவுக்கு முடியாமல் போனபோதுகூட அவர் கண்ணில் அவள் அதைப் பார்த்ததில்லை.

அவளால் தாங்க முடியவில்லை. "டேவினா, நான் ஒண்ணு சொல்லணும். கொஞ்ச நாளா அப்பாவுக்கு..."

"வாயை மூடு," என்றார் மர்டோ.

பிறகு முதுகை நிமிர்த்தினார். டேவினாவைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்:

"ஏழுதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அஞ்சுன்னு சொன்னேன்."

டேவினா கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்ன சொல்றீங்க, மர்டோ?"

"ஏமாத்தினேன்னு சொல்றேன். அவன் பேரை அடிச்ச மாதிரி என் பேரையும் அடி. அதே பேனாவுல அடி."

தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு அவர் வெளியே போனார். கதவை மூட மறக்கவில்லை.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நண்டுப் படகு வைத்திருக்கும் ஹெக்டர்தான் சத்தமாகப் பேசினார். அவருடைய இரட்டைப் பிள்ளைகளும் மர்டோவின் பஸ்ஸில்தான் போகிறார்கள்.

"மர்டோவா! நம்பவே முடியல. பெத்த பிள்ளையைக் காட்டிக்கொடுத்த மனுஷன்!" சூப்பில் ரொட்டியை முக்கினார். "சரி, தொலையட்டும். பந்துலதான ஏமாத்தினார். வண்டியை ஒழுங்கா ஓட்டறார்ல, அது போதும் நமக்கு."

இஷ்பலுக்கு அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது. கள்ளன் பஸ் ஓட்டலாம். ஊர் நாலு நாள் பேசும், ஐந்தாம் நாள் விட்டுவிடும். மறதிக்காரனை ஒரு நாள்கூட ஓட்ட விடமாட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றிய பெயரை அவர் ஒரே நிமிஷத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டு, பஸ் சாவியைத் தக்கவைத்துக்கொண்டார்.

*

கிரெகர் வெளியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தான். ஜெயித்தவன் முகமாக அது இல்லை.

"அவருக்குப் பொய் சொல்ல வராது, அக்கா," என்றான். "உள்ள சொன்னாரே, அதுதான் பொய். எனக்குத் தெரியும்."

இஷ்பல் பையிலிருந்து அப்பா எழுதிய அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் விரித்துப் பார்த்தான். அந்த நாலுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டான். ஈரத்தில் பென்சில் எழுத்து அவன் விரலில் ஒட்டியது.

"எவ்வளவு நாளா?"

"எனக்கு வியாழக்கிழமைதான் தெரியும். அவருக்கு எப்பத்திலிருந்து தெரியுமோ."

காற்று தகரக் கூரையைப் பெயர்க்கப் பார்த்தது. வண்டி நிறுத்துமிடத்தில் பஸ் நின்றது. மர்டோ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்கண்ணாடியை உள்ளிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமையிலிருந்து ஐலியை நானே கொண்டுபோய் விட்டுடறேன்," என்றாள் இஷ்பல். "வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்ல. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அவர் மானத்தோட இருக்கட்டும்."

கிரெகர் அட்டையை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

"மத்த எட்டுப் பிள்ளைங்க?"

அவள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா பழி வாங்கறான்னுதான் சொல்வாங்க. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

பஸ்ஸின் ஹாரன் அடித்தது. மர்டோ கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன நின்னு பேசிக்கிட்டிருக்கீங்க அந்த மழைல? வாங்க, வீட்ல விட்டுடறேன்." ஒரு நொடி நிறுத்தினார். "கிரெகர், நீயும் ஏறுடா."

எட்டு வருஷம். கிரெகர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு பஸ்ஸை நோக்கி ஓடினான். "நான் ஓட்டறேன்ப்பா, நகருங்க," என்று அவன் கத்துவதும், "ஏன், எனக்கு என்னடா வந்துச்சு?" என்று அப்பா கேட்பதும் இஷ்பலின் காதில் விழுந்தன.

அவள் அந்தப் பக்கம் போகவில்லை. கிளப் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே இன்னும் அப்பாவின் பெயர்தான் உருண்டுகொண்டிருந்தது. அவள் நுழைந்ததும் அடங்கிற்று. டேவினா அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். இஷ்பல் நேரே ஹெக்டரின் மேஜைக்குப் போய் அட்டையை அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்தாள்.

"ஹெக்டர், எங்கப்பா ஏமாத்தல," என்றாள்.